எதிர் வாசல் ஐராவதம்

அர்த்தநாரி கட்ட வேண்டிய பாக்கி நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து முந்நூற்று ஆறு ரூபாய். இதை அவன் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. தினமும் அவன் கண் திறப்பதற்கு முன்பே காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு சொல்லிவிடும்.

அந்த எலும்பில் உளுந்து அளவில் ஒரு கருவி பதித்திருந்தார்கள். கடன்சொல்லி என்று பெயர். நிலாவுக்கு வேலைக்கு வருகிற எல்லோருக்கும் கப்பல் ஏறும் முன்பே பதித்துவிடுவார்கள். காது குத்துவதைவிட வலி குறைவு. “வணக்கம் அர்த்தநாரி, இன்று தாங்கள் தர வேண்டியது” என்று ஆரம்பித்து, ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லி, “நல்ல நாளாக அமையட்டும்” என்று முடிக்கும். அதட்டாது, அவசரப்படுத்தாது. பதினோரு வருடமாகக் கேட்டுப் பழகி, அந்தக் குரல் வந்தால்தான் விடிந்ததாக உடம்பு ஒத்துக்கொள்ளும். அதே உளுந்து அவனுடைய நாடித் துடிப்பு, உடம்புச் சூடு, வியர்வை எல்லாவற்றையும் குறித்துக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பியும் வந்தது. வாங்கினவன் உயிரோடு இருக்கிறானா என்று கொடுத்தவன் பார்த்துக்கொள்வது நியாயம்தானே என்று, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிலாவின் தென்முனையில் வெயிலே படாத பள்ளங்கள் உண்டு. அங்கே மண்ணோடு மண்ணாகப் பனி உறைந்து கிடக்கிறது. அதைத் துளைபோட்டு எடுக்கத் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். பூமியில் போர் போடுவதற்கு மிச்சமாக இடம் இல்லை என்று ஆன பிறகு அவர்களும் சந்தோஷமாகவே வந்தார்கள். துளைக் குழிகளிலிருந்து பனிமண்ணை அள்ளி, மேட்டில் இருக்கும் உருக்காலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பிக்கப் வண்டிகள் வேண்டும். அர்த்தநாரியிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்பக்கம் இரண்டு பேர் உட்காரும் நீள இருக்கை ஒன்று. சட்டி என்று பெயர் வைத்திருந்தான். விண்ணுடையும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு அவனும் அவன் மனைவி பாவாயியும் அதில் ஒரு நாளைக்கு ஐந்து நடை அடிப்பார்கள்.

போகும் வழியில் பேச வேண்டுமென்றால் ரேடியோ உண்டு. நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய். காற்றில்லாத இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. ஆனால் இரண்டு பேர் தலைக்கவசத்தை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துக்கொண்டால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். அதற்குக் காசு இல்லை. அந்தக் குடியிருப்பில் இதை முதலில் கண்டுபிடித்தது எந்த விஞ்ஞானியும் இல்லை, பாவாயிதான். உருக்காலை மேட்டில் சட்டி முக்கி முனகி ஏறும்போது தூரத்திலிருந்து பார்த்தால், இரண்டு வெள்ளைத் தலைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து போவது தெரியும்.

எதிர் வாசல் சென்னியப்பனுடையது. வாசல் என்றால் காற்றறைக் கதவு. அதற்கு வெளியே வெட்டவெளியில் வண்டி நிற்கும். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் தட்டு அளவுக்கு ஒரு வட்டச் சன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் எதிர்வீட்டு வண்டியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சென்னியப்பன் அர்த்தநாரிக்குப் பங்காளி, ஒரே கப்பலில் வந்தவன், முதல் நான்கு வருடம் ஒரே துளைவண்டியில் வேலை பார்த்தவன். அவன் மனைவி நிலாவுக்கு வந்து இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று சங்ககிரிக்கே திரும்பிப் போய்விட்டாள். அவனுக்கும் பழைய வண்டிதான், அவனுக்கும் கடன்தான், அவன் காதிலும் ஒரு உளுந்து இருந்தது. அதனால் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்த ஒற்றுமைக்கு லோகநாயகி வந்து முடிவு கட்டினாள். அவள் வண்டி செய்யும் நிறுவனத்தின் மதிப்பீட்டு அதிகாரி. வண்டி செய்வதும் வண்டிக்குக் கடன் கொடுப்பதும் அதே நிறுவனம்தான். புதிதாக ஐராவதம் என்று ஒரு முழு அளவுப் பிக்கப் செய்திருப்பதாகவும், அதைப் பதினான்கு நாள் ஓட்டிப் பார்த்து, இழுவைத் திறன், வசதிகள், உட்கார்ந்து போகும் சுகம் மூன்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். அந்த ஆளுக்கு மூன்று மாதத் தவணை தள்ளிவைக்கப்படும்.

அர்த்தநாரிக்கு அந்தத் தவணை உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. முந்தைய வாரம்தான் அவனுக்கு அறிவிப்பு வந்திருந்தது. மூன்று வாரத்துக்குள் மொத்தப் பாக்கியையும் கட்டாவிட்டால் சட்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி இல்லாதவனுக்கு நடைக்கூலி இல்லை. அவன் கிழக்குச் சுரங்கத்தின் ஆண்கள் கொட்டடிக்குப் போக வேண்டும்; பாவாயி முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, கீரை வளர்க்கும் கூடத்துப் பெண்கள் கொட்டடிக்குப் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

லோகநாயகி இருவரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எதிர்வீட்டு வண்டியைப் பற்றி உங்கள் கருத்து என்ன? சென்னியப்பன், நன்றாக இருக்கிறது என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டான். அர்த்தநாரி இதுதான் தன் திறமையைக் காட்டும் இடம் என்று நினைத்து, சென்னியப்பன் வண்டியின் ஒவ்வொரு திருகாணியைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேசினான். லோகநாயகி எல்லாவற்றையும் கவனமாகக் குறித்துக்கொண்டாள். ஒரு ஒப்பந்தத்தில் அவனிடமும் கைரேகை வாங்கிக்கொண்டாள். நூற்றிருபது வரி ஒப்பந்தம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் பதினைந்தாம் வரியிலேயே கொட்டாவி விட்டுவிடுவான். அர்த்தநாரி கொட்டாவி விட்டுவிட்டுக் கட்டைவிரலை வைத்தான்.

மறுநாள் ஐராவதம் சென்னியப்பன் வாசலில் வந்து நின்றது.

அதைப் பார்த்ததும் அர்த்தநாரிக்கு நெஞ்சுக்குழியில் யாரோ சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி ஆனது. இருபத்து நான்கு அடி நீளம். ஆறு சக்கரம், ஒவ்வொன்றும் ஆள் உயரம். உள்ளே காற்று நிரப்பிய அறை. விண்ணுடையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்து ஓட்டலாம். முகப்பில் பத்து விளக்கு. பின்கதவு தானாக இறங்கிப் படியாக மாறும். உள்ளே தேநீர் போட்டுத் தரும் குழாய்கூட உண்டு என்று பேசிக்கொண்டார்கள். உடம்பெல்லாம் வெள்ளை, பால் வெள்ளை. நிலாப் புழுதி ஒட்டாத பூச்சு.

புது வண்டி வந்தால் பூசை போடாமல் எடுப்பது அந்த ஊர் ஆட்களுக்கு வழக்கமில்லை. சூடத்தைக் காற்றறைக்குள்ளேயே கொளுத்திக் காட்டிவிட்டு, காற்றை வெளியேற்றிக் கதவைத் திறந்தார்கள். ஆறு சக்கரத்துக்கு ஆறு எலுமிச்சம்பழம். கீரைக் கூடத்தில் விளைந்த பூசணி ஒன்றைச் சென்னியப்பன் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றித் தரையில் ஓங்கிப் போட்டான். வெளியே எடுத்த சில நிமிடத்தில் அது பாறையாக உறைந்திருந்தது. நிலாவில் எதற்கும் ஆறில் ஒரு பங்கு எடைதான். பூசணி சாவகாசமாக இறங்கியது, உடையவில்லை, எகிறியது, மறுபடி இறங்கியது, உருண்டது, உருண்டுகொண்டே போய் அர்த்தநாரியின் வாசலில் நின்றது.

சுற்றி நின்ற பத்துத் தலைக்கவசமும் ஒன்றாக அர்த்தநாரி பக்கம் திரும்பின.

நிறுவனம் புது வண்டிக்கு ஒரு திருஷ்டி பொம்மையும் தந்திருந்தது. சிவந்த முகம், முறுக்கு மீசை, தள்ளிய நாக்கு, முட்டை மாதிரி கண்கள். அதைப் பின்கதவுக்கு மேலே மாட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் மனம் கோணக்கூடாது என்று அதே மாதிரி இன்னொன்றை அர்த்தநாரிக்கும் இலவசமாகக் கொடுத்தாள் லோகநாயகி. இவன் சட்டிக்கு எதற்குத் திருஷ்டி பொம்மை என்று நான்கு பேர் சிரிப்பார்கள் என்று அர்த்தநாரி அதை மூலையில் போட்டான். பாவாயி எடுத்துத் துடைத்துச் சட்டியின் பின்னால் கட்டிவிட்டாள். சும்மா வந்த சாமானை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

மூன்றாம் நாள் வேலை முடிந்து சென்னியப்பன் தேநீர் குடிக்க வந்தான். இடுப்பில் கையை வைத்தபடி மெதுவாக உட்கார்ந்தான்.

“வண்டி எப்படி பங்காளி?” என்று அர்த்தநாரி சுவரைப் பார்த்துக் கேட்டான்.

“அத ஏன் கேக்கற. கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்குது. பூமில இருக்கற ஆளு எடைக்குச் செஞ்ச மெத்தை. நம்ம எடைக்கு அமுங்கவே மாட்டேங்குது.”

இன்னும் நிறையச் சொன்னான். எஞ்சினுக்குப் பலம் அதிகம், ஆனால் வண்டிக்கு இங்கே எடை இல்லாததால் சக்கரம் பிடிக்காமல் அந்தரத்தில் சுற்றுகிறது. பிடிமானத்துக்காகப் பின்னால் பாதி இடத்துக்குப் பாறையை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, மீதிப் பாதியில்தான் பனிமண். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தவளை மாதிரி குதிக்கிறது. குழிப்பாதையில் திரும்ப முடியாமல் ஒரு கிலோமீட்டர் பின்னோக்கியே ஓட்டி வர வேண்டும். ஏறி இறங்க ஐந்து படி. பக்கத்து இருக்கை முழுவதும் அளவுக்கருவிகளை அடுக்கியிருக்கிறார்கள். போதாததற்கு வண்டி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, சுகமாக இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு உயிரை எடுக்கிறது.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் நல்ல பொருள் வாங்கினவன் அதைப் பற்றி நான்கு குறை சொல்லிவைப்பது அந்தப் பக்கத்து ஆட்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். பிள்ளை பிறந்தால் கறுப்பு என்பார்கள், வீடு கட்டினால் ஒழுகுகிறது என்பார்கள். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். ஆகவே சென்னியப்பன் ஒரு குறை சொல்லச் சொல்ல, அர்த்தநாரி மனதுக்குள் ஒரு சுகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தான். இருக்கை கல் மாதிரி என்றால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. குதிக்கிறது என்றால் மிதக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான் என்றால், நடிக்கிறான்.

“உன் வண்டி எப்படி ஓடுது?” என்று சென்னியப்பன் கேட்டான்.

“எது, அந்தச் சட்டியா. கூரையில்ல, ஒண்ணுமில்ல. இவ வேற பக்கத்துல உக்காந்துக்கிட்டு, போக வரத் தலைய ஒட்டிவெச்சுத் தொணதொணன்னு ஒரே பேச்சு. காது புளிச்சுப் போச்சு.”

பாவாயி சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவினாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவனும் அதே பக்கத்துக்காரன்தான். மீதித் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனான்.

“அவரு நெசமாத்தான் சொல்றாருங்க, மொகத்தப் பாத்தாத் தெரியலீங்களா?” என்றாள் பாவாயி.

“உனக்கு அவனத் தெரியாது புள்ள. போர் போட்டு ஆளுயரத்துக்குத் தண்ணி பீறிட்டு அடிச்சாலும் உப்புத் தண்ணின்னுதான் சொல்லுவான்.”

அதற்குப் பிறகு அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்ததும் கடன்சொல்லி தொகையைச் சொல்லும்போதே அவன் போய் வட்டச் சன்னலில் மூக்கை வைத்துவிடுவான். எதிரில் ஐராவதம் நிற்கும். அதன் பின்கதவுக்கு மேல் பொம்மை அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆறு சக்கரம் சரியாக இருக்கிறதா என்று எண்ணுவான், தன்னுடையது போல. ஏதாவது ஒன்று காற்று இறங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பார்ப்பான். அப்புறம்தான் அந்தச் சக்கரங்களுக்குக் காற்றே கிடையாது, கம்பிவலைச் சக்கரம் என்பது நினைவுக்கு வரும். அதற்கும் சேர்த்து எரியும். மேட்டில் சட்டி ஊர்ந்து ஏறும்போது பின்னால் பத்து விளக்கு வெளிச்சம் விழும். ஐராவதம் அவர்களை முந்திப் போகும். சில நாள் முந்தாமல் பின்னாலேயே வெகுதூரம் வரும். வேண்டுமென்றே அழகு காட்டுகிறான் என்று அர்த்தநாரி பல்லைக் கடிப்பான்.

பாவாயி தலையை ஒட்டிவைத்து, கெடுவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, கூட இரண்டு நடை அடிக்கலாமா, வேறு யாரிடமாவது கேட்கலாமா என்று பேசுவாள். அவன் கண்ணாடியில் அந்தப் பத்து விளக்கையே பார்த்துக்கொண்டு, பனியனோடு உட்கார்ந்திருப்பான் பாரு என்பான். அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள். ஆனால் தலையை எடுக்க மாட்டாள். வண்டி போய்விட்டால் இந்தத் தோளும் போய்விடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் சென்னியப்பனே வந்து, ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டான். பெருமை பீற்றக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாலும் அர்த்தநாரியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

ஐந்து படி ஏறுவதற்குள் முழங்கால் இரண்டு தரம் படியில் இடித்தது. உட்கார்ந்தான். இருக்கை அமுங்கவில்லை. வண்டி கிளம்பியபோது சக்கரம் சுற்றிப் புழுதி கிளம்பி, அப்புறம் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு போனது. முதல் மேட்டிலேயே தலை கூரையில் முட்டியது. இருக்கைப் பட்டை விலாவை அறுத்தது. தேநீர்க் குழாயைத் திருகினான். வண்டி குதித்த வேகத்தில் தேநீர் உருண்டை உருண்டையாகப் பறந்து பனியனில் வந்து விழுந்தது. எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. அவன் பார்வை முழுக்கப் பக்கக் கண்ணாடியில் இருந்தது. துளைக்குழியில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உருக்காலை வாசலில் நின்றவன் கையைத் தூக்கினான். திரும்பி வரும்போது எதிர்வீட்டுச் சன்னல்களில் வட்ட வட்டமாக முகங்கள் தெரிந்தன.

“இருக்கை சுகமாக இருக்கிறதா? பத்துக்கு எத்தனை?” என்று வண்டி கேட்டது.

“பத்து” என்றான் அர்த்தநாரி. விலாவைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான்.

வாசலுக்கு வந்தபோது கண்ணாடியில் சென்னியப்பனும் தெரிந்தான். அவன் ஐராவதத்தைப் பார்க்கவில்லை. சட்டியின் பக்கத்தில் நின்று, பாவாயி உட்காரும் இடத்தில் பழைய சேலையைத் திணித்துத் தைத்துவைத்திருந்த திண்டைக் கையுறையோடு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். இரக்கப்படுகிறான் என்று நினைத்ததும் அர்த்தநாரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வேலை முடிந்து குப்புறப் படுத்தவனின் முதுகுக்குப் பாவாயி சூடுபண்ணிய மண் மூட்டையால் ஒற்றடம் கொடுத்தாள். அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை என்று தலையணைக்குள் சொன்னான் அவன்.

பதினான்காம் நாள் கடன்சொல்லி நான்கு லட்சத்து முப்பத்தோராயிரத்துச் சொச்சம் சொன்னது. கூடுதல் நடை அடித்ததில் வந்த கூலியை விட, இரண்டு பேர் மூச்சுக்காற்றுக்கான கட்டணமும் வட்டியும் அதிகமாகிவிட்டிருந்தன. சன்னலில் பார்த்தபோது இழுவை வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது.

பாவாயி இருந்த நான்கு துணியையும் இரண்டு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. இழுவை வண்டி சட்டிக்குப் பக்கத்தில் வந்து, அதைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் ஐராவதத்தில் கொக்கியை மாட்டியது. கொஞ்ச நேரத்தில் லோகநாயகியும் சென்னியப்பனும் காற்றறை வழியாக உள்ளே வந்தார்கள். அவள் கையில் இரண்டு திருஷ்டி பொம்மைகளும் இருந்தன. ஐராவதத்தில் இருந்தது ஒன்று, சட்டியில் இருந்தது ஒன்று. இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

சோதனை முடிந்துவிட்டது என்று சொல்லி முடிவுகளையும் அவள் மறைக்காமல் சொன்னாள். இழுவைத் திறன் நூற்றுக்கு நாற்பத்தொன்று. வசதிகள் நாற்பத்தேழு. சுகம் பதினெட்டு. ஆனால் அதே இருக்கையில் அர்த்தநாரி உட்கார்ந்தபோது, அவன் உடம்பு வலியால் துடித்ததை உளுந்து குறித்திருக்கிறது. வாய் மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறது. வெளியே ஆட்கள் நின்று பார்த்த இடங்களில் எல்லாம் வலி காணாமல் போயிருக்கிறது.

“சுகம் சீட்டுல இல்ல சார், எதிர்வீட்டு ஜன்னல்ல இருக்கு. நாங்க அளக்க வந்ததே அதைத்தான்” என்றாள் லோகநாயகி.

பொம்மையின் முட்டைக் கண்கள் பார்க்கிறவனின் கண்ணை அளக்கும் கருவிகள். கண்ணின் கருமணி எவ்வளவு விரிகிறது, முகத்தில் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். நாடித் துடிப்பைக் காதில் இருக்கும் உளுந்து சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்தால் கண்ணேற்றுப் புள்ளி. திருஷ்டியைத் தடுக்கத் தொங்கவிட்ட பொம்மை பதினான்கு நாளும் அதைச் சேமித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரனை நாற்பது நிமிடம் குறை சொல்லத் தெரிந்த ஆள்தான் தங்களுக்கு வேண்டிய அளவுகோல் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டதாக அவள் சொன்னாள். ஒப்பந்தத்தின் நூற்றுப் பதினோராம் வரியில் அது இருக்கிறது. புள்ளிக்கு ஐம்பது ரூபாய் கூலி. அர்த்தநாரி எடுத்தது எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் புள்ளி. அவன் பாக்கி மொத்தமும் அதில் அடிபட்டுப் போகும். மிச்சம் விழும் சொற்பத்தை நிறுவனம் கையாளும் செலவுக்கு எடுத்துக்கொள்ளும்.

இருக்கையை மாற்றுவார்களா என்று சென்னியப்பன் கேட்டான். மாற்றப் போவதில்லை. விலையை இரண்டு மடங்காக்கி, ஒரு தெருவுக்கு ஒரே ஒரு வண்டிதான் விற்கப் போகிறார்கள். எதிர்வீடுகளின் வட்டச் சன்னல்களை நிறுவனம் தன் செலவில் பெரிதாக்கித் தரும்.

பாவாயி இதில் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “அப்ப சட்டி எங்குளுதேதானுங்களா அம்மணி?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றதும் இரண்டு மூட்டைகளையும் அவிழ்த்து, துணிகளை ஒன்றாகக் கலந்து மடிக்க ஆரம்பித்தாள்.

அர்த்தநாரிக்குப் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. பதினோரு வருடக் கடன் போகிறது. வண்டி இருக்கிறது. மனைவி இருக்கிறாள். ஐராவதம் ஒரு மட்டமான வண்டி. சிரிப்பு வரும் போலிருந்தது. அப்போதுதான் மேசையில் இரண்டு பொம்மை இருப்பதை அவன் கவனித்தான்.

“சட்டில கட்டியிருந்த பொம்மை எதுக்குங்க?”

லோகநாயகி சென்னியப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள தனியா உக்காந்துக்கிட்டு, உங்க பின்னாலயே வருவேன் பங்காளி. ரெண்டு தலையும் ஒட்டிக்கிட்டுப் போறதப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சுது. முந்திப் போயிரலாம்னு பாப்பேன், முடியாது. மறுபடியும் பாக்கணும் போல இருக்கும்.”

இப்படி ஒன்று நடக்கும் என்று நிறுவனம் எதிர்பார்க்கவில்லை என்றாள் லோகநாயகி. பழைய வண்டியில் பொம்மை கட்டியது வெறும் ஒப்பீட்டுக்காகத்தான். இனி ஐராவதத்தில் இரண்டு பேர் உட்காரும் நீள இருக்கை வரும், கூடுதல் விலைக்கு. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாதவர்களுக்கு, விண்ணுடை போட்டுத் தோளில் தலை சாய்த்துக்கொள்ளும் பொம்மை ஒன்றும் சேர்த்துத் தருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சட்டியின் பொம்மை சேர்த்த புள்ளியில் சென்னியப்பனின் கடனும் இன்றோடு தள்ளுபடி.

அர்த்தநாரியின் முகம் மாறியது.

“அவனுக்கு எவ்வளவுங்க பாக்கி?”

“ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.”

“அப்படீன்னா புள்ளி?”

“பதினாலாயிரத்து நூறு.”

பாவாயி மடித்த துணியைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தாள். அர்த்தநாரி மேசைமேல் குனிந்து கேட்டான்.

“அதெப்படிங்க அம்மணி? தூங்காமக் கொள்ளாம ராத்திரி பகலாச் சன்னல்ல நின்னது நானு. சோறு தண்ணி எறங்காமக் கெடந்தது நானு. என்னையவிட அவனுக்கு எப்படி எச்சா வரும்? நல்லாப் பாத்தீங்களா? பொம்மையில கோளாறு இருக்கும்.”

மேசைமேல் இருந்த பொம்மையின் கண்கள் மெல்லச் சிவந்தன. லோகநாயகி அதைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். “இது கணக்குல வராது சார், சோதனை முடிஞ்சிடுச்சு” என்று சொல்லி, தன் கைப்பலகையில் விரலை வைத்துக் கடன்கள் இரண்டையும் ரத்து செய்தாள்.

காதுக்குப் பின்னால் எலும்பு பேசியது. “வணக்கம் அர்த்தநாரி. தாங்கள் தர வேண்டியது எதுவும் இல்லை. நல்ல நாளாக அமையட்டும்.”

பதினோரு வருடம் அவன் காத்திருந்த வார்த்தை. அர்த்தநாரி அதைக் கேட்கவில்லை. எதிரே சென்னியப்பன் தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காதுக்குள் என்ன சொல்கிறது என்று, அர்த்தநாரி அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.